குதிரைக்குப் பயந்து பிள்ளையைத் தள்ளிப்போட்ட வருடம்

ஜப்பானின் மக்கள்தொகையை வயது வாரியாக அடுக்கிக் காட்டும் படம் ஒன்று உண்டு. கீழே கைக்குழந்தைகள், மேலே போகப்போக வயதானவர்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். சமீப வருடங்களில் வந்த எந்தப் படத்தை எடுத்தாலும், சீப்பில் ஒரு பல் உடைந்த மாதிரி ஓரிடத்தில் பள்ளம் தெரியும். அதற்கும் மேலே, போரில் தோற்ற 1945-46க்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். நான் சொல்வது கீழே இருக்கும் பள்ளம். அது 1966.

எண்களைப் பாருங்கள். 1965இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18,23,697. 1966இல் 13,60,974. அடுத்த வருடமே, 1967இல், 19,35,647. ஒரே வருடத்தில் நாலரை லட்சத்துக்கும் மேல் குறைந்து, அடுத்த வருடம் அதைவிட அதிகமாக ஏறியிருக்கிறது. அப்போது போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளை நோய் இல்லை. டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதிவேக ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்த, வேலைக்கு ஆள் போதாத காலம். அந்த வருடத்தில் நாலு குழந்தைக்கு ஒரு குழந்தை பிறக்காமல் போனதற்குக் காரணம், பஞ்சாங்கம்.

இளம் வயதினர் கர்ப்பமாவதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, ஆய்வாளர்கள் வழக்கமாகக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். குழந்தை வேண்டுமா, எத்தனை, எப்போது? பதிலை அவரவர் சொந்த விருப்பமாக எடுத்துக்கொண்டு அட்டவணை போடுவார்கள். இந்த 1966 கதையைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த அட்டவணைகள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. 'எனக்கு வேணும்', 'எனக்கு வேண்டாம்' என்பதற்குள் எத்தனை பேருடைய குரல் ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் நான் படித்தவரையில் வேறு இல்லை.

முதலில் அந்தப் பஞ்சாங்கக் கணக்கு. சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன காலக் கணக்கில் ஐந்து மூலகங்கள்: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். ஒவ்வொன்றிலும் அண்ணன், தம்பி என்று இரண்டு. ஆக மொத்தம் பத்து. இதோடு எலி, மாடு, புலி என்று போகும் பன்னிரண்டு விலங்குகள். பத்தும் பன்னிரண்டும் சேர்ந்து சுற்றினால் அறுபது வருடத்துக்கு ஒரு முறைதான் அதே ஜோடி திரும்ப வரும். அதில் ஒரு ஜோடி 'ஹினோயே உமா'. நெருப்பின் அண்ணனும் குதிரையும். குதிரையே நெருப்பின் குணம் உள்ளது என்பது அவர்கள் கணக்கு. ஆக நெருப்பு மேல் நெருப்பு. இந்த வருடத்தில் பிறந்த பெண் அடங்காதவள், புருஷனைக் கொன்று தின்றுவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. ஆணுக்கு ஒன்றும் இல்லை! பழி எல்லாம் பெண்ணுக்குத்தான்.

அறுபது வருடச் சுற்று என்றதும் நம் பிரபவ, விபவ ஞாபகம் வரும். நம்முடையது வியாழன் கணக்கில் வந்தது, அவர்களுடையது வேறு வழி. ஆனால் இரண்டும் அறுபது என்பதால், ஜப்பானில் நெருப்புக் குதிரை வரும்போதெல்லாம் நமக்கு பராபவ வருடம் வரும். பராபவம் என்றால் தோல்வி, அவமானம். 1966 ஏப்ரலில் தொடங்கியதும் பராபவதான், 2026 ஏப்ரலில் தொடங்குவதும் பராபவதான். பெயர் இவ்வளவு மோசமாக இருந்தும், பராபவ வருடத்தில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் யாரும் தள்ளிப்போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. (1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் கவிழ்ந்தது அந்தப் பராபவ வருடத்தில்தான். ஜோசியக்காரர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை.)

சீனாவில்கூட இதே வருடத்துக்குப் பயம் இருந்தது. ஆனால் அது பெண்ணைப் பற்றிய பயம் இல்லை. 1126இல், நெருப்புக் குதிரை வருடத்தில், வடக்கேயிருந்து வந்த ஜூர்ச்சென் படைகள் சோங் அரசின் தலைநகரை முற்றுகையிட்டன. அடுத்த வருடம் சக்கரவர்த்தியையே பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு குதிரை வருடமும் அதற்கடுத்த ஆட்டு வருடமும் நாட்டுக்கு ஆகாது என்ற பேச்சு அங்கே நிலைத்தது. ஒரே பஞ்சாங்கம், ஒரே வருடம். ஓரிடத்தில் அரசனுக்கு ஆகாது, இன்னோரிடத்தில் புருஷனுக்கு ஆகாது. கிரகம் செய்கிற வேலையாக இருந்தால் கடலைத் தாண்டியதும் ஆள் மாறுமா என்ன?

ஜப்பானில் இது பெண் தலையில் விழுந்ததற்கு ஒரு காதல் கதையும் காரணம். எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒரு காய்கறிக் கடைக்காரரின் மகள் ஒஷிச்சி. 1682 வருடக் கடைசியில் ஊரில் பெரிய தீ. வீட்டை விட்டு ஓடி ஒரு கோயிலில் தங்கிய குடும்பத்தில் இவளும் இருந்தாள். அங்கே ஓர் இளைஞனைப் பார்க்கிறாள், மனம் போகிறது. வீடு கட்டித் திரும்பி வந்த பிறகு அவனைப் பார்க்க வழியில்லை. மறுபடி ஒரு தீ வந்தால் மறுபடி கோயிலுக்குப் போகலாமே என்று தீ வைத்தாள் என்பது கதை. மர வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில் தீ வைப்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. 1683இல் அவளை உயிரோடு எரித்தார்கள்.

மூன்றே வருடத்தில், 1686இல், இஹாரா சைகாகு தன் புகழ்பெற்ற நூலில் அவள் கதையை எழுதினார். அதில் அவளுக்கு வயது பதினாறு. அந்தக் கணக்குப்படி அவள் 1666 குதிரை வருடத்தில் பிறந்திருக்கவே முடியாது. குதிரையை அவள் மேல் ஏற்றியது பின்னால் வந்த பொம்மலாட்ட நாடகங்கள். நெருப்பு வைத்தவள் நெருப்பு வருடத்தில் பிறந்திருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும் இல்லையா, அவ்வளவுதான். நாடகம் ஊர் ஊராகப் போனது, காபுகி மேடைக்கும் ஏறியது, நம்பிக்கை கூடவே போனது. ஒரு நாடகாசிரியர் கதைக்காகச் சேர்த்த ஒரு வரி, இருநூறு முந்நூறு வருடம் கழித்து லட்சக்கணக்கான படுக்கையறைகளில் முடிவெடுத்திருக்கிறது.

எடோ காலத்தில் கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிப்போட நம்பகமான வழி எதுவும் கிடையாது. பிறந்த பிறகுதான் வழி. அதற்கு ஜப்பானிய மொழியில் 'மபிக்கி' என்று பெயர். நெருக்கமாக முளைத்த நாற்றில் சிலதைப் பிடுங்கிக் கலைத்துவிடும் விவசாய வேலையின் பெயர் அது. நம்ம ஊர்க் கள்ளிப்பால் மாதிரி, பெயரில் செடி, செயலில் சிசு. குதிரை வருடங்களில் பெண் சிசுக்களுக்கு இது நடந்தது. இது தப்பு, இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர்களும் இருந்தார்கள்.

அடுத்தது 1906. ஜப்பான் இப்போது நவீன தேசம். ரஷ்யாவைப் போரில் ஜெயித்த மறுவருடம். அரசு பிறப்பு இறப்பை எண்ண ஆரம்பித்துவிட்டதால் நமக்கு முதல் தடவையாக நல்ல கணக்கு கிடைக்கிறது. 1905இல் 14,52,770 பிறப்புகள், 1906இல் 13,94,295, 1907இல் 16,14,472. குறைந்தது நாலு சதவீதம்தான். ஆனால் ஆண் பெண் விகிதத்தைப் பார்த்தால் தூக்கிவாரிப்போடுகிறது. சாதாரணமாக 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறக்கும். 1906இல் அது 108க்கும் மேலே. முன்னால் பின்னால் உள்ள வருடங்களில் 103 பக்கம். இயற்கை இப்படி ஒரு வருடம் ஏறி இறங்காது. நடந்தது என்னவென்றால், 1906இல் பிறந்த பெண் குழந்தைகளைப் பலர் முந்தின வருடத்துப் பிள்ளை என்றோ அடுத்த வருடத்துப் பிள்ளை என்றோ பதிவு செய்துவிட்டார்கள்.

இதில் நமக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை. என் பெரியம்மா பிறந்தது மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாது என்பார்கள். கல்யாணப் பேச்சு ஆரம்பித்தபோது ஜாதகம் புதுசாக எழுதப்பட்டது, மூலம் உத்திராடம் ஆனது. பக்கத்தில் இருக்கும் பூராடமாக மாற்றியிருக்கலாமே என்றால், அதுக்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்களே! அதனால் ஒன்றைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பெரியப்பாவின் அப்பா தொண்ணூறு வயது வரை இருந்தார்.

தேதியை மாற்றாமல், உண்மையாகவே 1906 என்று பதிவான பெண்கள் என்ன ஆனார்கள்? 1920களின் நடுவில் அவர்களுக்குக் கல்யாண வயது. வரன் தட்டிப்போவதும், நிச்சயம் முறிவதும், மனம் உடைந்து உயிரை விட்டவர்களின் செய்திகளும் அந்நாளைய ஜப்பானியப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தன. படித்தவர்கள் கட்டுரை எழுதிக் கண்டித்தார்கள். ஆனால் கண்டித்து எழுதிய ஒவ்வொரு கட்டுரையும், அதுவரை கேள்விப்படாத ஆளுக்கும் குதிரையை அறிமுகப்படுத்தியது. மூடநம்பிக்கையை எதிர்த்து எழுதுவதில் எப்போதும் இருக்கும் சங்கடம் இது.

இங்கே ஒரு கணக்கு போடுங்கள். 1906இல் பிறந்த பெண்ணுக்கு 1965இல் வயது 59. அவள் இப்போது மாமியார், அல்லது பாட்டி. புதிதாகக் கல்யாணம் ஆன இருபத்துச் சொச்சம் வயசுப் பெண்ணுக்கு அவள் வெறும் பழங்கதை இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனுஷி, அல்லது பக்கத்து வீட்டு மனுஷி. கல்யாணம் ஆன மூணாம் மாசமே 'ஏதாவது விசேஷம் உண்டா' என்று கேட்பது மாமியார் வழக்கம், அது ஜப்பானானாலும் சரி, ஜலகண்டாபுரமானாலும் சரி. அந்த ஒரு வருடம் மட்டும், அதே வாய் 'இப்ப வேண்டாம்மா' என்று சொல்லியிருக்கும். அவளே பட்டவள், அல்லது தன் வயசுத் தோழி பட்டதைப் பார்த்தவள் சொல்லும்போது, அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அவள் சொல்வது கிரகத்தைப் பற்றி அல்லவே, ஊரைப் பற்றி.

என் கணிப்பில் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. 1965இல் அந்த இளம் தம்பதிகளில் எத்தனை பேர் நிஜமாகவே நெருப்புக் குதிரையை நம்பியிருப்பார்கள்? ஒன்பது வருடக் கட்டாயப் படிப்பு முடித்தவர்கள், பாதிக்கு மேல் உயர்நிலைப் பள்ளியும் போனவர்கள். 'எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது' என்று சொல்லியிருப்பார்கள், அது பொய்யாகவும் இருந்திருக்காது. ஆனால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. பிறப்பது பெண்ணாக இருந்து, இருபது வருடம் கழித்து ஒரு நல்ல குடும்பத்தில் பெண் கேட்டு வந்து, அந்தப் பையனின் அம்மா நம்பிவிட்டால்? பிறக்காத பெண்ணின் நடக்காத கல்யாணத்தில், முகம் தெரியாத ஒரு சம்பந்தி என்ன நினைப்பாள் என்பதை வைத்து, இந்த மாதம் கர்ப்பமாகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். யாருமே நம்பாவிட்டாலும், 'மத்தவங்க நம்புவாங்க' என்று எல்லாரும் நம்பினால் போதும். அது ஓடும்.

பத்திரிகைகளும் வேறு சேர்ந்துகொண்டன. 1960களின் ஜப்பானில் பெண்களுக்கான வாரப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் விற்றன. குதிரை வருடம் வருகிறது என்பது நல்ல தலைப்பு. பயப்படாதீர்கள் என்று ஒரு கட்டுரை, பயப்படுகிறார்களே என்று ஒரு கட்டுரை. சில ஊர்களில் உள்ளாட்சிக்காரர்களே இந்த நம்பிக்கையை விரட்ட இயக்கம் நடத்தினார்கள்.

ஆனால் பயம் மட்டும் இருந்தால் பள்ளம் விழாது. 1906இலும் பயம் இருந்தது, விழுந்தது நாலு சதவீதம்தானே. 1966இல் இருபத்தைந்து சதவீதம். அறுபது வருடத்தில் நம்பிக்கை ஆறு மடங்கு வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது வசதி.

போருக்குப் பிறகு ஜப்பான் நிலைமை பரிதாபம். தோற்ற நாடு, சோற்றுக்கு வழியில்லை, வெளிநாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். 1947இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.54 பிள்ளைகள். 1948இல் கருக்கலைப்பைச் சில காரணங்களுக்கு அனுமதித்துச் சட்டம் வந்தது. 1949இல் பொருளாதாரக் கஷ்டத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் பெயரும் ஒரு பாதி நோக்கமும் 'தாழ்ந்த பரம்பரை' பிறக்காமல் தடுப்பது; அதன் பேரில் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டவர்களின் கதை தனியாக எழுத வேண்டியது. 1955இல் பதிவான கருக்கலைப்புகள் மட்டும் 11 லட்சத்துக்கும் மேலே. இது தாங்காது என்று, 1952 முதல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிக் கருத்தடை முறைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். நிப்பான் கோகான் போன்ற பெரிய எஃகு கம்பெனிகள் தங்கள் தொழிலாளர் குடியிருப்புகளில் மனைவிமார்களைக் கூப்பிட்டு வகுப்பே நடத்தின. 1957க்குள் அந்த 4.54, 2.04 ஆகிவிட்டது. பத்து வருடத்தில் பாதிக்கும் கீழே.

இன்னொரு விஷயம், எந்த வகைக் கருத்தடை என்பது. நம்மூரில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். 'பண்ணியாச்சா' என்றால் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அது கதவை நிரந்தரமாகச் சாத்துவது; ஒரு வருடம் சாத்தி மறு வருடம் திறக்க முடியாது. ஜப்பானில் பெரும்பாலும் ஆணுறை, அதோடு மாதவிடாய் நாள் கணக்கு. அந்த நாள் கணக்கே, நீகாட்டாவில் இருந்த ஒகினோ கியூசாகு என்ற மருத்துவர் 1924இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். மாத்திரையை ஜப்பான் அரசு 1999 வரை அனுமதிக்கவே இல்லை. ஆக 1966இல் பிள்ளை பிறக்கக்கூடாது என்றால், 1965 ஏப்ரல் வாக்கிலிருந்து 1966 மார்ச் வரை, ஏறக்குறைய ஒரு முழு வருடம், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மாசா மாசம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். பெண் மட்டும் ரகசியமாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. அந்த ஆம்பளைகளும் இதில் சேர்ந்துதான் இருந்தார்கள்.

கல்யாணங்கள் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1965இல் ஒன்பதரை லட்சம், 1966இல் 9 லட்சத்து 40 ஆயிரம். கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளையை மட்டும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். பதிவான கருக்கலைப்புகள் 1965இல் சுமார் 8 லட்சத்து 43 ஆயிரம், 1966இல் 8 லட்சத்து 8 ஆயிரம். எண்ணிக்கை குறைந்த மாதிரி தெரிகிறது. ஆனால் பிறப்புகள் அதைவிட வேகமாகக் குறைந்ததால், 100 பிறப்புக்கு 46 ஆக இருந்த கலைப்பு 59 ஆகியிருக்கிறது. ஜாக்கிரதையாக இருந்தும் தவறிப்போனவர்கள் பலர் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள்.

அதற்கும் அப்பால் ஒரு கணக்கு இருக்கிறது, எழுதுவதற்கே கஷ்டமாக இருக்கிறது. 1966இலும் ஆண் பெண் விகிதம் கொஞ்சம் கோணலாகி, 100 பெண்ணுக்கு 107.6 ஆண் என்று ஆனது. ஜனவரி முதல் வாரத்திலும் டிசம்பர் கடைசியிலும் பிறந்த பெண்களைப் பக்கத்து வருடத்துக்குத் தள்ளியதுதான் இதற்கு முக்கியக் காரணம். ஆனால் 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் 'விபத்தாலும் வன்முறையாலும்' இறந்த கணக்கை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தது. 1966இல் பெண் குழந்தைகளில் அது முன்பின் வருடங்களைவிடக் கூடியிருந்தது. அதிவேக ரயில் ஓடிய நாட்டில், டிவி பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில். எண்ணிக்கை சிறிசுதான். அது சிறிசு என்று எழுதும்போதே கை கூசுகிறது.

அதே ஆய்வாளர்கள் வட்டம் இன்னொன்றும் பார்த்தது. கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் குடியேறியிருந்த ஜப்பானியர்களிடையேயும் 1966இல் பிறப்பு குறைந்திருந்தது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்களுக்கும் மகளுக்கு வரன் தேட வேண்டிய சமூகம் ஒன்று இருந்ததே.

ஒரு சந்தேகம் வரலாம். மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் என்று நம்மிடமும் பெண்ணைப் பழிக்கும் நட்சத்திரங்கள் இத்தனை இருக்கும்போது, நம் பிறப்புக் கணக்கில் இந்த மாதிரிப் பள்ளம் ஏன் இல்லை? நட்சத்திரம் மாதா மாதம் ஏறக்குறைய ஒரு நாள் வந்துபோகும். பிரசவத்தை அவ்வளவு துல்லியமாகத் திட்டமிட முடியாது. (சிசேரியன் வந்த பிறகு முடிகிறது, அது வேறு கதை.) வருடம் என்றால் தள்ளிப்போடலாம். மாதம் என்றால் அதையும் தள்ளிப்போடலாம். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொள்வது அதற்குத்தான், சித்திரையில் பிள்ளை பிறந்துவிடக் கூடாதே என்று. அங்கேயும் முடிவெடுப்பது அந்தப் பெண்ணும் பையனும் இல்லை. சீர்த் தட்டோடு வரும் பெரியவர்கள்.

சரி, அந்த 1966 பெண்கள் என்ன ஆனார்கள்? பெற்றவர்கள் பயந்தது பெண் பார்க்கும் படலத்துக்கு. ஜப்பானில் அதற்கு 'மியாய்' என்று பெயர். தரகர், போட்டோ, குடும்ப விவரம் எழுதிய தாள், பின்னால் விசாரிக்க ஆள் என்று நம்முடையதைப் போலவேதான். அந்தத் தாளில் பிறந்த வருடம் இருக்கும். ஆனால் அவர்கள் பயந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான் அந்த ஏற்பாடே சரிய ஆரம்பித்திருந்தது. 1960களின் கடைசியில் காதல் கல்யாணங்கள் மியாய் கல்யாணங்களை எண்ணிக்கையில் முந்திவிட்டன. 1966இல் பிறந்தவள் கல்யாண வயதுக்கு வந்த 1990களின் தொடக்கத்தில், மியாய் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. பெற்றவர்கள் எந்தச் சந்தைக்குப் பயந்தார்களோ, மகள் வளர்வதற்குள் அந்தச் சந்தை கலைந்துவிட்டது.

இந்தப் பெண்களுக்கு வேறு சில விஷயங்கள் நடந்தன. பள்ளியில் அவர்கள் வகுப்பில் கூட்டம் குறைவு. பரீட்சைப் போட்டியும் கொஞ்சம் தளர்ந்தது. அவர்களுக்கு இருபது வயது ஆன 1986இல், வேலையில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பலவீனமானதுதான். ஆனாலும் கல்லூரி முடித்து ஆண்களோடு ஒரே வரிசையில் நின்று வேலை கேட்ட முதல் பெண்களில் குதிரை வருடத்துப் பெண்களும் இருந்தார்கள்.

1990 ஜூனில் ஜப்பான் அரசு முந்தின வருடத்துப் பிறப்புக் கணக்கை வெளியிட்டது. ஒரு பெண்ணுக்கு 1.57 பிள்ளை. 1966இன் எண் 1.58. குதிரை இல்லாமலே குதிரை வருடத்துக்கும் கீழே போய்விட்டது என்று நாடே அதிர்ந்தது, '1.57 அதிர்ச்சி' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறப்பு விகிதம் அரசாங்கத்தின் பெரிய கவலையாக மாறியது அன்றிலிருந்துதான். அதே மாதம் 29ஆம் தேதி இன்னொரு செய்தி. சக்கரவர்த்தியின் இரண்டாவது மகன் தன்னோடு படித்த பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் பெயர் கிக்கோ. பிறந்தது 1966 செப்டம்பர் 11. நாட்டிலேயே மிகப் பழமையான குடும்பம், குதிரை வருடத்துப் பெண்ணை மருமகளாக எடுத்துக்கொண்டது. 1846 வருடத்துப் பெண்ணுக்கும் 1906 வருடத்துப் பெண்ணுக்கும் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

2026 மறுபடியும் நெருப்புக் குதிரை. 2024இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 6,86,061. ஒரு பெண்ணுக்கு 1.15. சபிக்கப்பட்ட 1966இல் பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதி. பெண்களின் சராசரி முதல் கல்யாண வயது 29.8, ஆண்களுக்கு 31.1. இன்றைக்கு அங்கே ஓர் இளைஞனையோ யுவதியையோ பிள்ளை பெறாமல் தடுக்கும் விஷயங்கள் வேறு: நிரந்தரமில்லாத வேலை, நகரத்து வாடகை, பின்னிரவு வரை ஆபீஸ், பிரசவத்துக்குப் பின் தன் வேலை என்னாகும் என்ற பெண்ணின் கணக்கு, கல்யாணமே வேண்டுமா என்ற யோசனை. இதையெல்லாம் வெறும் காசுக் கணக்கு என்று எழுதுகிறவர்களோடு நான் முழுசாக ஒத்துப்போக மாட்டேன். 'இருபது வருஷம் கழிச்சு இந்தப் பிள்ளைய ஊர் எப்படி நடத்தும்' என்ற பழைய கேள்வி இன்றும் அதற்குள் இருக்கிறது. நல்ல பள்ளி கிடைக்குமா, வேலை கிடைக்குமா, இந்த நாடு அப்போது எப்படி இருக்கும் என்று ஆடையை மாற்றிக்கொண்டு வருகிறது.

அறுபது முடிந்தால் அவர்களுக்கும் விழா உண்டு. நாம் சஷ்டியப்தபூர்த்தி செய்வது மாதிரி, அவர்கள் 'கன்ரெக்கி' என்பார்கள். சுற்று முடிந்து பிறந்த வருடமே திரும்பி வந்துவிட்டதால் மறுபடியும் குழந்தை என்று கணக்கு. சிவப்புத் தொப்பியும் சிவப்பு மேலங்கியும் போட்டுவிடுவார்கள். 1906 பெண்களுக்கு அந்த விழா வந்தது 1966இல், ஊரெல்லாம் குதிரைக்குப் பயந்துகொண்டிருந்த வருடத்தில். 1966 பெண்களுக்கு 2026இல். இளவரசி கிக்கோவுக்குச் செப்டம்பரில் அறுபது நிறைகிறது. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஆண் வாரிசே பிறக்காமல் இருந்த அந்தக் குடும்பத்தில், 2006இல் ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றவர் அவர்தான்.